மாணவர் அரங்க வடிவமைப்பைக் காட்சிக்கு வைப்பதும் விமர்சனத்துக்கு முன்வைப்பதும்: முழுமையான வழிகாட்டி

அரங்க வடிவமைப்பு சுவரில் மாட்டுவதற்காகப் பிறப்பதில்லை. நடிகர் அதற்குள் நடமாட வேண்டும், விளக்கு அதன்மேல் விழ வேண்டும், ஒரு காட்சி போய் அடுத்த காட்சி வர வேண்டும். கண்காட்சிக் கூடத்தில் இந்த மூன்றுமே இருக்காது. உடல் இல்லை, ஒளி இல்லை, காலமும் இல்லை. நல்ல வடிவமைப்புகள் பலகையில் ஏறியதும் சப்பென்று ஆகிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாணவர் தன் மனத்துக்குள் நாடகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எதிரே நிற்பவருக்கோ நாலைந்து தாள்களும் ஓர் அட்டைப் பெட்டியும் மட்டுமே தெரிகின்றன.

ஆகவே காட்சிப்படுத்தும் வேலை என்பது இல்லாத அந்த மூன்றையும் பார்வையாளருக்கு எப்படியாவது கொடுப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை. மேடை, உடை, ஒளி, ஒலி எனத் துறை எதுவானாலும் பொருந்தும்.

முதல் படி: எதைக் காட்டப்போகிறோம் என்று முடிவு செய்தல்

கண்காட்சி நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு தொடங்குங்கள். அதுவரை செய்த எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்: கிறுக்கல்கள், ஆய்வுப் படங்கள், கைவிட்ட மாடல்கள் (மேடையின் சிறு அளவு அட்டைப் பிரதிகள்), துணித் துண்டுகள், வரைபடங்கள். பிறகு ஒரு துண்டுத் தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்த நாடகத்தில் பார்வையாளர் எதை உணர வேண்டும், அதற்கு என் வடிவமைப்பு என்ன செய்கிறது?

"குடும்பத்தின் சிதைவைக் காட்டுகிறேன்" என்பது போதாது. அந்த வாக்கியத்தை வைத்து எந்தத் தாளையும் தேர்வு செய்ய முடியாது. "முதல் அங்கத்தில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் மேசை, கடைசி அங்கத்தில் ஒருவருக்கு எட்டாத அளவு நீண்டுவிடுகிறது" என்று எழுதினால் வேலை எளிதாகிவிடும். மேசையின் வளர்ச்சியைக் காட்டாத எதுவும் பலகைக்குத் தேவையில்லை, அல்லது ஓரத்துக்குப் போகலாம்.

பொதுவாக ஒருவருடைய இடம் 120 × 240 செ.மீ. பலகை ஒன்றும் அதன் முன்னால் ஒரு மேசையுமாக இருக்கும். அதில் 12 முதல் 16 தாள்கள் வரை நிம்மதியாக அமரும். 25 தாள் வைத்தால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். கழிப்பதுதான் மாணவர்களுக்கு மிகவும் வலிக்கும் கட்டம். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த படம் என்பதற்காக ஒன்றைச் சேர்க்காதீர்கள். உழைப்பைப் பார்க்க விரும்பும் ஆசிரியருக்குச் செயல்முறைக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தால் போதும்.

மாடல்: உடலை உள்ளே கொண்டுவருவது

மேடை வடிவமைப்புக்கு மாடலே மையம். 1:25 அளவில் செய்வது வழக்கம். அடி, அங்குலக் கணக்கில் வேலை செய்யும் இடங்களில் அரை அங்குலம் ஓர் அடி, அதாவது 1:24. ஆரம்ப நிலை வெள்ளை அட்டை மாடலுக்கு 1:50 போதும்.

அளவு உருவம் இல்லாத மாடலைக் காட்சிக்கு வைக்கவே கூடாது. 170 செ.மீ. உயரமுள்ள ஆள் 1:25 மாடலில் 6.8 செ.மீ. இருப்பார். அந்த உருவம் நின்றதும்தான் கதவு கதவாகவும் சுவர் சுவராகவும் தெரியும். ஒரே உருவத்தை நடுமேடையில் விறைப்பாக நிறுத்தினால் அது அளவுகோல் மட்டுமே. நாடகத்தின் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் பாத்திரங்கள் இருக்கும் இடங்களில், உட்கார்ந்தும் சாய்ந்தும் திரும்பியும் இரண்டு மூன்று உருவங்களை வையுங்கள். மாடல் உடனே நாடகமாகிவிடும்.

அளவில் தவறு நேர்வது பெரும்பாலும் பொருளின் தடிமனில். 5 மி.மீ. ஃபோம் போர்டில் (நடுவே நுரை வைத்த அட்டை) வெட்டிய சுவர் 1:25இல் 12.5 செ.மீ. தடிமன் ஆகிவிடும். மரச் சட்டத்தில் செய்யும் மேடைச் சுவர் அவ்வளவு தடியாக இருக்காது. 1.5 மி.மீ. மவுண்ட் போர்டு (கெட்டியான அட்டை) ஏறத்தாழ 4 செ.மீ.க்குச் சமம், அதுதான் பொருத்தம். ஃபோம் போர்டை வெளிப்பெட்டிக்கும் அடித்தளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். துணியிலும் இதே சிக்கல். 1 மி.மீ. நூல் உள்ள துணியை மாடலில் திரையாகத் தொங்கவிட்டால் 2.5 செ.மீ. கயிற்றில் நெய்த பாய் போலத் தெரியும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி, நீர்த்த பசை பூசி மடிப்பு விழ விடுங்கள், துணியைவிட நம்பும்படி இருக்கும்.

பசை விஷயத்தில் கடைசி இரவில் அழுகை வராமலிருக்க மூன்று குறிப்புகள்:

- வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அட்டை வளையும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பூசி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். பெயிண்ட் பூசும்போதும் அப்படியே.
- ஸ்ப்ரே பெயிண்டும் கரைப்பான் கலந்த பசையும் ஃபோம் போர்டின் உள்ளே இருக்கும் நுரையைக் கரைத்துவிடும். வெட்டிய ஓரங்கள் குழிந்துபோகும். முதலில் ஒரு துண்டில் சோதியுங்கள், அல்லது ஓரங்களைக் காகித நாடாவால் மூடிவிட்டு அடியுங்கள்.
- சூப்பர் குளூ, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் வெண்புகை படிந்தது போலத் தடம் விடும். கண்ணாடிச் சுவர் வேண்டுமென்றால் ஓரத்தில் மெல்லிய சட்டம் வைத்து அதில் செருகுங்கள்.

இனி மாடலை எந்த உயரத்தில் வைப்பது என்பது. பெரும்பாலோர் 75 செ.மீ. மேசைமேல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். பார்வையாளர் நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிறார். அவர் காண்பது எந்த இருக்கையிலிருந்தும் தெரியாத பறவைப் பார்வை. அங்கே தரை மட்டும் பேசும், சுவர்கள் பேசமாட்டா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேடை உயரம் 1 மீட்டர் என்றால், முன்வரிசைக்காரரின் கண் மேடைத் தரைக்கு மேலே 20 செ.மீ. மட்டுமே. 1:25இல் அது வெறும் 8 மி.மீ. ஆகவே மேசைமேல் 40 செ.மீ. பீடம் ஒன்றை வைத்து, மாடலின் மேடைத் தரையைக் கூடத் தரையிலிருந்து 115 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள். அதில் உட்காருபவர் நாடகத்துக்கு வந்தவராகிவிடுவார். நிற்பவருக்கோ மாடிப் பார்வை கிடைக்கும். இரண்டும் உண்மையான பார்வைகள்.

பார்வையாளர் மூன்று பக்கமும் அமரும் மேடை என்றால் மாடலைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சுற்றிவர இடம் விடுங்கள். இடம் இல்லையென்றால் சுழலும் தட்டின்மேல் வையுங்கள்.

ஒளியைக் கொடுப்பது

கூடத்தின் மேல்விளக்கு மாடலின் முகத்தைத் தட்டையாக்கிவிடும். மாடல் பெட்டியின் மூன்று பக்கமும் உட்புறம் மட் கறுப்பாக இருக்கட்டும். பளபளக்கும் கறுப்பு கூடத்தையே பிரதிபலிக்கும். வளைகழுத்துள்ள சிறு எல்இடி விளக்குகள் இரண்டு போதும்: ஒன்று பக்கவாட்டிலிருந்து, மற்றொன்று மேலே பின்னாலிருந்து. முன்னாலிருந்து நேராக அடிக்கும் ஒளி மாடலில் பெரிய நிழல்களை உண்டாக்கிப் பொம்மைவீடு போல ஆக்கிவிடும். விளக்கின் முன் ஜெல் (ஒளிக்கு நிறம் தரும் மெல்லிய தாள்) துண்டைச் செருகலாம். பேட்டரியை நம்பாதீர்கள். மாலைவரை திறந்திருக்கும் கண்காட்சியில் மதியமே மங்கிவிடும். மின்இணைப்பும் நீட்டிப்பு வயரும் எங்கே வரும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்து, வயரைத் தரையில் நாடாவால் ஒட்டிவிடுங்கள்.

பலகைக்கு விழும் ஒளியும் கவனிக்க வேண்டியதே. நிறம் சரியாகத் தெரிய, நிறம் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல் உள்ள விளக்கு வேண்டும். மஞ்சள் மிகுந்த விளக்கில் நீலங்கள் சாம்பலாகிவிடும். அதற்குத் தகுந்தாற்போல் துணி மாதிரிகளின் இடத்தை மாற்றுங்கள்.

காலத்தைக் கொடுப்பது: காட்சித்தொடர்

மாடல் ஒரு நேரத்தில் ஒரே நிலையைத்தான் காட்டும். மீதியைச் சொல்வது ஸ்டோரிபோர்டு. 8 முதல் 12 படங்கள், ஒவ்வொன்றும் 10 × 15 செ.மீ.க்குக் குறையாமல், இடமிருந்து வலமாக ஒரே வரிசையில். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விவரங்கள்: அங்கமும் காட்சி எண்ணும், அந்தத் தருணத்தில் பேசப்படும் வசனத்தின் முதல் சில சொற்கள், முந்தைய படத்திலிருந்து எது நகர்ந்தது, அதை யார் எத்தனை வினாடியில் நகர்த்துகிறார்கள்.

கடைசி விவரத்தை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அனுபவமுள்ள விமர்சகர் முதலில் தேடுவது அதைத்தான். 4 மீட்டர் சுவர் ஒன்று இரண்டாம் காட்சியில் இல்லை, மூன்றாம் காட்சியில் இருக்கிறது என்றால், அது எங்கே இருந்தது? பக்கமேடையில் அதற்கு இடம் உண்டா? மேலே தூக்கினால், மேடைக்கு மேல் பொருள்களைத் தொங்கவிடும் கம்பி வரிசையில் எந்த இடம்? பதில் தரைத்திட்டத்திலும் இருக்க வேண்டும்.

ஸ்டோரிபோர்டுப் படங்களை வரையலாம். மாடலைப் படம் எடுத்துச் செய்வது இன்னும் நம்பகமானது. கேமராவின் லென்ஸ் மாடல் மனிதரின் கண் உயரத்துக்கு வர வேண்டும். கைபேசியில் எடுத்தால் அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். பிறகு படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேமராவில் லென்ஸ் துளை எஃப் 11 முதல் 16 வரை, ஐஎஸ்ஓ 100, முக்காலி, இரண்டு வினாடி டைமர். துளை பெரிதாக இருந்தால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் மங்கிப்போய், இது சின்னப் பொருள் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பின்னணியில் அறையும் உங்கள் விரலும் தெரியாதபடி கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். தூசியும் பசை இழைகளும் படத்தில் பெரிதாகத் தெரியும், முன்பே ஊதித் துடைத்துவிடுங்கள்.

வரைபடங்கள்

காட்சிக்கு மூன்று போதும்: தரைத்திட்டம், நடுக்கோட்டு வெட்டு (அரங்கை நடுவே நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது), முக்கியமான ஒரு துண்டின் முகப்புப் படம். ஒவ்வொன்றிலும் தலைப்புக் கட்டம் இருக்க வேண்டும்: நாடகம், வடிவமைப்பாளர், தாள் எண், அளவு, அலகு, தேதி. வெட்டுப்படும் கோடு தடிமனாக, 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். தெரியும் கோடு 0.35, அளவுக் கோடு 0.18. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் தூரத்திலிருந்து சிலந்தி வலைதான் தெரியும்.

அச்சில் ஒரு பெரிய பொறி உண்டு. "தாளுக்குப் பொருத்து" என்ற தெரிவை விட்டுவிட்டால் படம் 96 அல்லது 94 விழுக்காடாகச் சுருங்கி வரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் அளவுகோலை வைப்பவருக்குப் படம் முழுதும் பொய். "உண்மை அளவு" என்று வைத்து அச்சிடுங்கள். ஏ1 தாளில் 1:25இல் வரைந்ததை ஏ3இல் எடுத்தால் நீள அகலம் சரிபாதியாகி 1:50 ஆகும். தலைப்புக் கட்டத்தில் இன்னும் 1:25 என்றே இருக்கும். அதனால் எண்ணோடு நில்லாமல் படத்திலேயே ஓர் அளவுப்பட்டை வரையுங்கள். படம் சுருங்கினால் பட்டையும் சேர்ந்தே சுருங்கும், பொய் சொல்லாது.

நடுக்கோட்டு வெட்டில் முன்வரிசையிலிருந்தும் கடைசி வரிசையிலிருந்தும் பார்வைக்கோடுகளைச் சிவப்பில் இழுத்துக் காட்டுங்கள். மேல்தளத்தில் நிற்கும் நடிகரின் தலை கடைசி வரிசைக்கு மறைகிறதா என்பதை விமர்சகர் கேட்பதற்குள் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

உடை வடிவமைப்பு

உடைப் படங்களில் பெரிய குறை, ஒவ்வொன்றும் தனித்தனி அழகாக இருப்பது. மேடையில் பாத்திரங்கள் தனியாக வருவதில்லை. ஆகவே முக்கியமான ஐந்து, ஆறு உடைகளை ஏ3 அளவில் வையுங்கள். கூடவே எல்லாப் பாத்திரங்களும் பக்கம் பக்கமாக நிற்கும் ஒரு நீண்ட வரிசைப் படம் வையுங்கள். யார் யாருடைய நிறத்தைப் பகிர்கிறார்கள், யார் ஒதுங்குகிறார் என்பது அதில் ஒரு நொடியில் தெரியும். எல்லா உருவங்களும் ஒரே தரைக்கோட்டில், உண்மையான உயர வேறுபாட்டோடு நிற்க வேண்டும். கால் இல்லாமல் கணுக்காலோடு கரைந்துபோகும் உருவங்களைத் தவிர்த்துவிடுங்கள். செருப்பும் உடைதான், நடிகரின் நடையை மாற்றுவது அதுவே.

துணி மாதிரி 5 × 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அச்சுத் துணி என்றால் வடிவம் ஒருமுறையாவது முழுதாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள். ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் பிங்கிங் கத்தரியால் வெட்டினால் நூல் எளிதில் பிரியாது. நான்கு ஓரமும் ஒட்டிவிடாதீர்கள். மேல் ஓரம் மட்டும் ஒட்டினால் பார்வையாளர் தொட்டு, தூக்கி, கனத்தையும் விழும் விதத்தையும் உணர முடியும். எந்தத் துணி எந்தப் பகுதிக்கு என்று குறியுங்கள்: சட்டை, உள்துணி, கரை.

ஒளியில் துணி மாறும். பச்சை ஒளியில் சிவப்புத் துணி ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். ஒளி வடிவமைப்பாளரிடமிருந்து ஜெல் துண்டுகளை வாங்கி, துணியின் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புப் பெட்டிக்குள் விளக்கோடு வையுங்கள். ஒரு பெட்டி போதும். கூட்டம் அங்கே தான் நிற்கும்.

தைத்து முடித்த உடையைக் காட்டினால் பொம்மைக்கு நடிகரின் அளவுக்குப் பஞ்சு திணித்து நிரப்புங்கள். தொளதொளவென்று தொங்கும் உடை, தையற்காரரின் குறையாகத் தெரியும்.

ஒளியமைப்பும் ஒலியமைப்பும்

கண்ணுக்குப் பிடிபடாத வேலை என்பதால் இந்த இரு துறையினரும் கண்காட்சியில் அடிக்கடி தோற்றுவிடுகிறார்கள். விளக்குத் திட்டத்தை மட்டும் மாட்டினால் துறைக்கு வெளியே உள்ளவருக்கு அது மின்சுற்று. அதன் பக்கத்தில் குறிகளின் விளக்கம், முக்கியமான ஆறு கியூக்களின் (ஒளியோ ஒலியோ மாறும் தருணங்கள்) படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் எந்த விளக்குகள் எரிகின்றன என்ற சிறு திட்டம் ஆகியவற்றை இணைத்து வையுங்கள். திட்டத்தில் எரியும் விளக்குகளை மட்டும் நிறமிட்டு மீதியைச் சாம்பலாக விட்டால் கண் தானே இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஜெல் துண்டுகளை எண்ணோடு ஜன்னல் போல வெட்டிய அட்டையில் பொருத்துங்கள்: லீ 201, லீ 204, ராஸ்கோ 02 என்று, ஜெல் நிறுவனத்தின் பெயரும் எண்ணுமாக. வெள்ளைத் தாளின்மேல் ஒட்டிய ஜெல் இருண்டு தெரியும். பின்னால் ஒளி வர வேண்டும்.

கியூ ஏன் மாறுகிறது, எத்தனை வினாடியில் மாறுகிறது என்பதை வசனப் பக்கத்தோடு காட்டுங்கள். பென்சில் குறிப்புகள் உள்ள உங்கள் பிரதியின் ஒரு பக்கமே போதும். அந்த ஒரு பக்கம் பத்து வண்ணப் படங்களுக்குச் சமம்.

ஒலிக்கு ஹெட்ஃபோனும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத தொகுப்பும் வையுங்கள். கியூக்களுக்கு நடுவே மூன்று வினாடி மௌனம். எல்லாம் ஒரே உரத்தில் கேட்கும்படி சமன் செய்துவிடாதீர்கள். கிசுகிசுப்பான ஒலி கிசுகிசுப்பாகவே இருக்கட்டும். உரத்த இடம் மட்டும் காதைத் தாக்காமல் பாருங்கள். ஹெட்ஃபோனில் இடம், திசை எல்லாம் தலைக்குள் அடங்கிப்போகும். எனவே ஒலிபெருக்கிகள் அரங்கில் எங்கெங்கே, எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்ற திட்டம் பக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

எழுத்து, சீட்டு, பெயர்கள்

வடிவமைப்பாளர் குறிப்பு 150 முதல் 200 சொல்லுக்குள். கதைச் சுருக்கத்துக்கு இரண்டு வாக்கியம், மீதி உங்கள் முடிவுகளுக்கு. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்க 20 புள்ளி எழுத்தாவது வேண்டும். தமிழ் எழுத்தில் சுழிகளும் கொம்புகளும் அதிகம், அதனால் 22 முதல் 24 வரை போகலாம். வரி இடைவெளியையும் ஒன்றரை மடங்காக வையுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் கால்கள் கீழ்வரியின் மேல்சுழிகளோடு சிக்கிக்கொள்ளும். தலைப்பு மூன்று மீட்டரிலிருந்து படிக்க 72 புள்ளி. அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆக, எழுத்துரு உள்ளடங்கியதாக அனுப்புங்கள். வேறு கணினியில் திறந்ததும் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வருவது நடக்கக்கூடியதே.

பெயர்களை விட்டுவிடாதீர்கள். நாடக ஆசிரியர், இயக்குநர், உடன் பணியாற்றிய வடிவமைப்பாளர்கள், மேடையேறியிருந்தால் புகைப்படக்காரர், கட்டியவர்கள், தைத்தவர்கள். மேடையேறாத வேலை என்றால் "வகுப்புத் திட்டம்" என்று தெளிவாக எழுதுங்கள். பிறர் எடுத்த ஆய்வுப் படங்களில் "ஆய்வுப் படம்" என்றும் மூலமும் குறிக்கப்பட வேண்டும். கணினியில் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய படத்துக்கும் அப்படியே. பார்ப்பவர் அதை உங்கள் கைவேலை என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் பிறகு தெரிந்துகொண்டால், பலகையில் உள்ள மற்ற எதையும் நம்பமாட்டார்.

மாட்டுவது

பலகை அளவுக்குத் தரையில் நாடா ஒட்டி, அதற்குள் எல்லாத் தாளையும் அடுக்கிப் பாருங்கள். முக்கியப் படத்தின் மையம் தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். எழுத்துகள் 110க்கும் 180க்கும் இடையில். 70 செ.மீ.க்குக் கீழே எதையும் மாட்டாதீர்கள். தாள்களுக்கு நடுவே 5 செ.மீ., ஓரங்களில் 10 செ.மீ. விடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் படமெடுத்து, சிறிதாக்கிப் பாருங்கள். எங்கே தொடங்கி எங்கே போவது என்று அந்தச் சின்னப் படத்திலேயே தெரிய வேண்டும்.

பின்னணி நடுத்தரச் சாம்பல் நிறமாக இருந்தால் எல்லா நிறமும் நியாயமாகத் தெரியும். கறுப்பு அட்டை படங்களை மின்ன வைக்கும், ஆனால் இருண்ட காட்சிப் படங்களை விழுங்கிவிடும். அலங்கார எல்லைக்கோடு, நாடகத்தின் "உணர்வுக்கேற்ற" கிழிந்த ஓரம், தூவிய உலர்ந்த இலைகள் ஆகியவை பார்வையை வேலையிலிருந்து திருப்பிவிடும் என்பதே எங்கள் கருத்து. 1967 முதல் பிராகில் நடக்கும் சர்வதேச அரங்க வடிவமைப்புக் கண்காட்சியான பிராக் குவாட்ரெனியலில் மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே காட்சியிடத்தையே ஓர் அரங்காகக் கட்டும் துணிச்சலைக் காணலாம். அது முழுதாகச் சிந்தித்துக் கட்டப்பட்ட சூழல். அலங்காரம் ஒட்டுவது வேறு. நேரமும் இடமும் இருந்தால் அப்படி முயலுங்கள், அரைகுறையாக வேண்டாம்.

ஒட்டிய தாள்கள் இரவில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி படிந்த பலகை அல்லது ஈரப்பதத்தில் சுருளும் தாள். பலகையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தாளை முதலில் மவுண்ட் போர்டில் ஏற்றி, அதை நான்கு மூலையிலும் நடுவிலும் பொருத்துங்கள். கனமான எதையும் நாடாவில் நம்பாமல் ஊசியிலோ கம்பியிலோ தொங்கவிடுங்கள். மட்டம் பார்க்கும் கருவி இல்லையென்றால் கைபேசியில் உள்ளதே போதும். பெட்டி ஒன்றில் கட்டர், இரும்பு அளவுகோல், இரட்டைப்பக்க நாடா, வெள்ளைப் பசை, சாமணம், கறுப்பு மார்க்கர், மாடல் பெயிண்ட் கொஞ்சம், உபரி அளவு உருவம் ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வழியில் எதாவது உடையத்தான் உடையும்.

விமர்சன அமர்வில் பேசுவது

பத்து நிமிடம் கிடைத்தால் ஏழரை நிமிடத்துக்குத் தயாராகுங்கள். முதல் நிமிடம் நாடகமும் உங்கள் ஒற்றை வாக்கியமும். அடுத்த நான்கு நிமிடம் மாடலில் நாடகத்தை ஓட்டிக் காட்டுவது. இரண்டு நிமிடம், மிகக் கடினமாக இருந்த ஒரு சிக்கலும் அதைத் தீர்த்த வழியும். கடைசி அரை நிமிடம், இன்னும் தீராத ஒன்று.

அந்தக் கடைசி அரை நிமிடத்தைப் பயந்து ஒதுக்காதீர்கள். "மூன்றாம் காட்சியில் படிக்கட்டு இன்னும் இடைஞ்சலாக இருக்கிறது, அகற்றினால் இறங்கிவரும் தருணம் போய்விடும். இதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்" என்று நீங்களே கேட்டால் கூட்டம் உங்களோடு சேர்ந்து யோசிக்கும்.

பலகையில் உள்ள குறிப்பை வாசித்துக் காட்டாதீர்கள். "நேரம் போதவில்லை" என்று தொடங்காதீர்கள். அதன்பின் பார்ப்பவர் இல்லாததையே தேடுவார். "சோகத்தைக் காட்ட நீலம் போட்டேன்" போன்ற வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. "தாய் போன பிறகு மேடையில் வெம்மையான நிறமே கிடையாது. கடைசிக் காட்சியில் மகள் அந்தச் சிவப்புப் போர்வையோடு நுழைகிறாள்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் கண்முன் மேடை விரியும்.

மாடலில் துண்டுகளை மாற்றுவதைக் குறைந்தது ஐந்து தடவை ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கான துண்டுகளையும் தனித்தனித் தட்டில், எண்ணிட்டு வையுங்கள். எதிரில் உள்ளவர்களுக்கு உங்கள் முதுகு தெரியாமல் பக்கவாட்டில் நின்று, சாமணத்தால் மாற்றுங்கள். ஒலி இருந்தால் அந்தக் கூடத்திலேயே முன்னதாக ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

கேட்பதும் நடத்துவதும்

தொடங்குமுன் எல்லோரும் ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். வடிவமைப்பாளர் விளக்கிய பிறகு பலகை தானாக என்ன சொன்னது என்பது தெரியாமல் போய்விடும். அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதினால் போதும்: எதைக் கண்டேன், எந்த நாடகம் நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒழுங்கு வேண்டும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை வகுப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது உயிரோட்டமாக, மனத்தில் பதிவதாக இருந்தது என்று சொல்கிறார்கள். இரண்டாவது, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவது, பார்த்தவர்கள் கருத்தை உள்ளே ஒளிக்காத நடுநிலைக் கேள்விகளைக் கேட்கிறார்கள். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பது நடுநிலை அல்ல, "ஒளியின் அளவை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பது நடுநிலை. நான்காவதாகத்தான் கருத்து, அதுவும் படைத்தவரின் அனுமதியோடு. மூன்றாம் படிதான் வகுப்பில் சிரமம். முதல் சில அமர்வுகளில் கேள்வியைத் திருத்திக் கேட்கச் சொல்ல ஒருவர் வேண்டும்.

விமர்சகர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: கருத்தில் உள்ள குறையா, கைவேலையில் உள்ள குறையா? கோணலாக வெட்டிய கதவைப் பற்றி மூன்று பேர் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கதவு அந்த இடத்தில் தேவையா என்பதை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

யாருடைய வேலை பேசப்படுகிறதோ அந்த மாணவர் குறிப்பெடுக்கக் கூடாது, நண்பர் ஒருவர் எடுக்கட்டும். எழுதிக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருப்பவரால் கேட்க முடியாது. உடனே மறுக்கவும் வேண்டாம். உண்மைத் தகவல் தவறாக இருந்தால் மட்டும் ஒரு வரியில் திருத்துங்கள்.

அமர்வு முடிந்தபின்

குறிப்புகளை அன்றிரவே வாசித்து மூன்று பிரிவாகப் பிரியுங்கள்: பலகையின் குறை, வடிவமைப்பின் குறை, சொன்னவரின் ரசனை. "எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை" என்பது முதல் பிரிவு. தாள்களின் இடத்தை மாற்றினால் சரியாகும். "அந்த வாசலிலிருந்து வருபவரை வலப்பக்கத்தார் பார்க்க முடியாது" என்பது இரண்டாவது. தரைத்திட்டத்துக்குத் திரும்ப வேண்டும். "எனக்கு மஞ்சள் பிடிக்காது" என்பது மூன்றாவது. ஆனால் மூன்றாம் பிரிவில் ஒரே விஷயத்தை மூன்று பேர் சொல்லியிருந்தால் அதை இரண்டாம் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்.

பலகையைக் கழற்றுவதற்கு முன் நேராக நின்று முழுதாக ஒரு படம், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படம், மாடலுக்கு ஒவ்வொரு காட்சி நிலையிலும் ஒரு படம் எடுங்கள். மாடலின் நகரும் துண்டுகளைக் காட்சி எண்ணிட்ட உறைகளில் போட்டு, பெட்டியின் மூடியின் உட்புறம் அடுக்கும் வரிசையை ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு கண்காட்சிக்கு அதைத் திறக்கும்போது, இரண்டாம் காட்சியின் நாற்காலி எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.